பன்னிரண்டு அணா வலி: ஓர் அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் இரண்டரை ஆண்டுகள்

எங்கள் வட்டார அரசு மருத்துவமனையில், மாத்திரை வாங்கும் ஜன்னலைத் தாண்டிப் போனால் எக்ஸ்ரே அறைக்கு எதிரே ஒரு சின்ன அறை இருக்கிறது. கதவுக்கு மேலே ‘வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சை’ என்று நீலப் பலகை. உள்ளே ஒரு மேசை, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு டாக்டர், ஒரு செவிலியர். 2021 அக்டோபர் முதல் 2024 மே வரை அம்மாவுக்காக இந்த அறைக்கு வந்துபோனேன். மருத்துவமனைக்கு எதிரே இருபது ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவருக்கே இப்படி ஓர் அறை இருப்பது தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறேன். இரண்டே பேர் இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் ஒரு குறையை எழுதினால் அது அந்த இருவர் தலையில்தான் விழும். நெல்லை, தென்காசிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். அம்மா பீடி சுற்றியவர். பன்னிரண்டு வயதில் தட்டை மடியில் வைத்தவர், அறுபதைத் தாண்டியும் இறக்கவில்லை. இலையை நனைத்து, கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம். எங்கள் மூன்று பேரின் படிப்பும் அக்காவின் கல்யாணமும் அந்தத் தட்டிலிருந்து வந்தவை. கழுத்தும் மணிக்கட்டும் கூலியோடு சேர்ந்தே கெட்டுப்போயின. ஆனால் வலி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ‘கை கடுக்கிறது’ என்பார், தேங்காய் எண்ணெயைத் தடவுவார், மறுபடியும் தட்டை எடுப்பார். அப்படி இருந்த மனுஷி 2021 ஆவணி மாதத்தில் ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

2016-இல் மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்திருந்தோம். ஐந்து ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தார். இடுப்பு வலி என்று தொடங்கி, ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருப்பது தெரிந்தது. ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நோய்க்கு மருந்து வந்துவிட்டது, வலிக்கு என்ன என்று கேட்டேன். ‘இந்த நோய் என்றால் வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்றார் அங்கே ஒருவர். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வாக்கியத்தை மட்டும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் அடுத்த ஏழு வாரம் நாங்கள் அதை உண்மை என்று நம்பினோம்.

நம்பிக்கொண்டே கடன் வாங்கினோம். தெருமுனைக் கிளினிக்கில் தினமும் ஒரு டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்டால் நான்கு மணி நேரம் கண்ணை மூடுவார், பிறகு பழையபடி முனகல். பதினோராவது நாள் மலம் கறுப்பாகப் போனது. வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிகிறது என்று சேர்த்தார்கள். ஏழு வாரத்தில் 38,000 ரூபாய். வலியில் ஒரு பைசா குறையவில்லை.

வழி காட்டியது மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு அந்தப் பெண் வந்தது அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுக்க. திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், உள்ளே கேட்ட முனகலைக் கவனித்துவிட்டு, ‘அண்ணே, ஆச்சிக்கு வலிக்கு என்ன கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு, நீலப் பலகை அறையைப் பற்றிச் சொன்னார். அன்றுதான் கேள்விப்பட்டேன். அந்த மருத்துவமனை வாசலில் எத்தனை ஆயிரம் முறை விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியிருப்பேன்!

முதல் நாளை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் தரம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கேன் தாள்களை நீட்டினேன். செவிலியர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘ஆச்சி, எங்கே வலிக்கிறது? விரலை வைத்துக் காட்டுங்கள்’ என்றார். அம்மா என்னைப் பார்த்தார். ‘அவரைப் பார்க்காதீர்கள், வலி உங்களுக்குத்தானே’ என்றார். மனித உடம்பு வரைந்த ஒரு தாளில் அம்மா காட்டிய இடங்களை எல்லாம் பென்சிலால் நிழலிட்டார். எது குத்துகிறது, எது எரிகிறது, எது கடுக்கிறது, இருமினால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள், கடைசியாக எப்போது கோயிலுக்குப் போனீர்கள். முக்கால் மணி நேரம். என் தொழிலில் நேரம் எனக்குத் தெரியாமல் போகாது. ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள், எல்லாரும் சேர்ந்து பேசிய நேரம் இவ்வளவு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு வலிக்கு எண் கேட்டார். சைபர் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர். ‘பத்தா? பத்து எதற்கு?’ என்று விழித்தார். சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட அட்டையைக் காட்டியபோது, ‘இது யார் பிள்ளை?’ என்றார். செவிலியர் கொஞ்சம் யோசித்து, ‘ஆச்சி, ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா?’ என்று கேட்டார். ‘பதினாறு அணா, இது தெரியாதா’ என்றார் அம்மா. ‘தாங்கவே முடியாத வலி முழு ரூபாய் என்றால், இப்போது எத்தனை அணா வலிக்கிறது?’ அம்மா கண்ணை மூடினார். ‘இப்போது பன்னிரண்டு அணா. ராத்திரியானால் முழு ரூபாய், தாயீ.’

அன்றிலிருந்து அம்மாவின் நோட்டில் வலி அணாவில்தான் எழுதப்பட்டது. பக்கத்தில் செவிலியர் அதைப் பத்துக்கு இத்தனை என்று மாற்றி எழுதிக்கொள்வார். நோட்டின் முதல் பத்தி நோய்க்கு அல்ல, வலிக்கு. நாட்பட்ட வலியைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது உலக அளவிலேயே தாமதமாக வந்த புத்திதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கென்று முறையான தனி வகைப்பாடு கிடைத்தது, 2022-இல் நடைமுறைக்கு வந்த 11-ஆவது பதிப்பில். பொறுத்துக்கொள்ளச் சொன்னவரை இப்போது நினைத்தால் கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது. அவர் படித்த காலத்தில் வலியை யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் அம்மா எழுதிய மருந்து, அபினியிலிருந்து எடுக்கும் மார்பின். 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு முழு மாத்திரை. ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான் படுக்கும்போது இரட்டை அளவு. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அவர்களைக் கும்பிடலாம், நோயாளியோடு வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு அது புரியும். கூடவே மலம் இளக மாத்திரை, முதல் வாரத்துக்கு மட்டும் வாந்தி வராமல் இருக்க ஒன்று. ‘மலச்சிக்கல் மாத்திரையை விட்டுவிட்டால் பத்தே நாளில் மார்பினையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதை மறக்காதீர்கள்’ என்று மூன்று முறை சொன்னார்கள். முதல் மூன்று நாள் தூக்கமாகவே இருக்கும், பிறகு தெளியும் என்றார்கள். அப்படியே நடந்தது.

வலி வந்த பிறகு கொடுக்கும் மாத்திரை அல்ல இது, நேரத்துக்குக் கொடுக்க வேண்டியது. எனக்கு இது சட்டென்று விளங்கியது. பேருந்து பயணி வந்த பிறகு புறப்படுவதில்லை, நேரம் வந்தால் புறப்படும். பேருந்தில் நாங்கள் கணக்கு எழுதும் வே பில் மாதிரி ஒரு தாளில் கோடு போட்டு, ஐந்து நேரம், கொடுத்தவர் கையெழுத்து, அப்போது எத்தனை அணா என்று எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். நான் பணியில் இருக்கும் நேரமெல்லாம் என் மனைவிதான் அந்தத் தாளை நிரப்பினாள். ‘அத்தை, மணி பத்தாகிவிட்டது’ என்று அவள் சொல்வதும், அம்மா தானே கையை நீட்டுவதும் எங்கள் வீட்டின் மணியோசை ஆனது. நான்காவது நாள் காலைத் தாளில் ‘நாலு அணா’ என்று இருந்தது. அன்று சாயங்காலம் நான் வந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இலை கத்தரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயம் இல்லாமல் இருந்தோம் என்று சொன்னால் அது பொய். அக்கா போனில் அழுதாள். ‘அபினியைக் கொடுத்து அம்மாவை மயக்கத்திலேயே கொன்றுவிடுவார்கள், தம்பி’ என்றாள். மருந்துக் கடைக்காரர், ‘மார்பின் என்றால் கடைசிக் கட்டம் என்று அர்த்தம்’ என்றார். அடுத்த முறை அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா அவளை உட்காரவைத்துப் பேசினார். புற்றுநோய் வலிக்கு அளவு பார்த்து, மேற்பார்வையில் கொடுக்கும்போது மனிதர்கள் போதைக்கு ஏங்குகிறவர்களாக மாறுவது அரிது, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது என்றார். வலி குறைந்தால் மருந்தையும் குறைத்துவிடலாம் என்றார். அக்காவுக்கு அரை மனம்தான். அம்மா எழுந்து நடந்து அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த நாளில்தான் முழு மனம் வந்தது.

டாக்டர் அம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட கணக்கு. உலகம் முழுவதும் ஒரு ஆண்டில் விநியோகமாகும் மார்பின் வகை மருந்து 298.5 டன். அதில் மிக ஏழ்மையான நாடுகளுக்குப் போய்ச் சேருவது 0.1 டன். எங்கள் பேருந்தில் சந்தை நாளில் ஏற்றும் ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு. அவ்வளவுதான் அத்தனை நாடுகளுக்கும். இந்தியா அந்தக் கடைசி வரிசையில் இல்லை என்றாலும், தேவைப்படுவதில் நமக்குக் கிடைப்பது 4 சதவீதம் என்று அதே கணக்கு சொல்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அபினியைச் சட்டப்படி பயிரிட்டு மருந்துக்காக உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் விளைவிக்கிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத்தின் ஆலைகளே இருக்கின்றன. இங்கே விளைந்தது கப்பலேறிப் போகிறது. இங்கே பீடி சுற்றிய ஒருத்தி சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாள்.

காரணத்தையும் டாக்டர் அம்மாவே சொன்னார். 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டம் கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அதன் கெடுபிடியில் மருத்துவமனைகள் மார்பின் வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. பல துறைகளிடம் பல உரிமங்கள், ஒன்று வரும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும், கணக்கில் பிழை வந்தால் சிறை என்ற பயம். எனவே பல மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்திக்கொண்டன. இப்படி ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்பினைக் கையால் தொடாமலேயே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்பினையும் இன்னும் சிலவற்றையும் அத்தியாவசிய மருந்துகள் என்று பிரித்து, நாடு முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனமாக இருந்தால் போதும். எங்கள் ஊர் அலமாரியில் மார்பின் வந்தது அதற்குப் பிறகுதான்.

செவிலியர் கோழிக்கோட்டில் பயிற்சி எடுத்தவர். அங்கே 1993-இல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சிறிய அளவில் தொடங்கிய நோய் ஆதரவு சிகிச்சை, கேரளம் முழுக்க ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் நடத்தும் வலையாகிவிட்டது. 2008-இல் அந்த அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. அங்கே ஆட்டோ ஓட்டுபவரும் மாணவரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, படுத்திருப்பவர் வீட்டுக்குப் போவார்களாம். ‘நமக்குத்தான் அது இன்னும் வரவில்லை, இங்கே எல்லாவற்றுக்கும் மருத்துவமனை வேன் வரட்டும் என்று காத்திருக்கிறோம்’ என்றார். அதில் உண்மை இருக்கிறது. எங்கள் தெருவில் நல்ல மனம் உள்ளவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எப்படி உதவுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வந்து பார்த்து, ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு, ‘எப்படி இருந்தவர்’ என்று அழுதுவிட்டுப் போவார்கள்.

வேனைக் குறைத்தும் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை, செவிலியர் ஒருவரும் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரும் வீட்டுக்கே வந்தார்கள். அந்த இளைஞர் செய்த காரியம் மாத்திரைக்குக் குறைந்தது இல்லை. கட்டிலிலிருந்து எழும்போது முதலில் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு முன் நானும் என் மனைவியும் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து நேராகத் தூக்கிக்கொண்டிருந்தோம். நோய் அரித்த முதுகெலும்பை அப்படி இழுத்திருக்கிறோம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், குளிக்க முக்காலிக்குப் பதில் நாற்காலி. செலவு 600 ரூபாய்.

இந்தப் பிரிவு மாத்திரையோடு நிற்கவில்லை என்பதும் முக்கியம். இடுப்பெலும்பு வலிக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். போகும் வழி முழுக்க அம்மா பயந்தார். படுத்தது பதினைந்து நிமிடம்கூட இருக்காது. மூன்று வாரத்தில் மார்பினைக் குறைக்க முடிந்தது. அடுத்த ஏழு மாதம் அவர் ஒரு நாளைக்கு ஒன்றரை மாத்திரையில் ஓட்டினார். மார்பு அறுத்த இடத்தில் நெருப்பாக எரியும் வலிக்கு மார்பின் சரியாக எடுபடவில்லை. நரம்பு வலி என்று சொல்லி இரவில் சின்னதாக அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மருந்துக் கடைக்காரர் மறுபடியும் குழப்பினார். இந்த முறை நாங்கள் குழம்பவில்லை.

வலி என்றாலே அங்கே மார்பின் தருவார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் அத்தை, அப்பாவின் தங்கை, பத்து ஆண்டு மூட்டு வலியோடு என்னுடன் வந்தார். ‘உன் அம்மாவுக்குக் கொடுக்கும் மாத்திரையை எனக்கும் வாங்கித் தா’ என்பது அவர் கோரிக்கை. டாக்டர் அம்மா மறுத்துவிட்டார். ஆயுள் முழுக்க இருக்கப் போகும் மூட்டு வலிக்கு அது வழி அல்ல, நாளடைவில் அதுவே தொல்லை ஆகும் என்று விளக்கி, தொடைத் தசைக்குப் பயிற்சி, பாராசிட்டமால், எடைக் குறைப்பு, கைத்தடி என்று எழுதிக் கொடுத்தார். அத்தைக்குக் கோபம். ஆறு மாதம் கழித்து அவர் பயிற்சியைச் செய்துகொண்டிருப்பதை நான் பார்த்தேன், ஆனால் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அண்ணனுக்குச் சர்க்கரையால் பாதம் எரியும். அவரைச் சர்க்கரை நோய்ப் பிரிவோடு சேர்த்து இங்கேயும் பார்க்கிறார்கள்.

இனிக் குறைகள்.

வாரத்தில் இரண்டு நாள்தான், செவ்வாயும் வெள்ளியும், மதியம் வரை. வலிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. செவிலியர் தன் சொந்த போன் எண்ணைக் கொடுத்திருந்தார், ராத்திரி 11 மணிக்கும் எடுத்தார். அதை நான் இந்தச் சேவையின் நிறையாக எழுத மாட்டேன். ஒரு பெண் தன் தூக்கத்தைக் கொடுத்து அடைக்கிற ஓட்டை அது. அந்த எண்ணை அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும், ஆள் வைத்து எடுக்கவும் வேண்டும்.

காத்திருக்கும் இடத்தில் முதுகு சாய வழியில்லாத சிமெண்டுத் திண்டு. இடுப்பெலும்பில் நோய் உள்ளவர்கள் ஒன்றரை மணி நேரம் அதில் உட்கார வேண்டும். நான்கு சாய்வு நாற்காலி போட்டால் தீரும். மனு கொடுத்தேன். நான் போன கடைசி நாள் வரை திண்டுதான் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை 2023 ஐப்பசியில் நடந்தது. மாத்திரை வந்து சேரவில்லை. அதே வாரத்தில் டாக்டர் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாறுதல். புதியவர் வரவில்லை. அலமாரியில் கொஞ்சம் இருந்தாலும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் அதைத் தொட முடியாது. செவிலியருக்கு அம்மாவின் வலி அணா கணக்கில் தெரியும். என்ன மாத்திரை, எத்தனை என்றும் தெரியும். ஆனால் எழுதும் அதிகாரம் இல்லை. ‘உகாண்டாவில் தனிப் பயிற்சி எடுத்த செவிலியர்கள் 2004-லிருந்தே மார்பின் எழுதுகிறார்கள் அண்ணே. அங்கே டாக்டர்கள் நம்மைவிடக் குறைவு. அதனாலேயே விதியை மாற்றினார்கள்’ என்று அன்று சொன்னார். கண் கலங்கியிருந்தது.

எட்டு நாள். ஊரில் எந்த மருந்துக் கடையிலும் மார்பின் கிடையாது, யாரும் வைப்பதில்லை. வேறொரு மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் இருப்பதாகத் தெரிந்து, பணி முடித்த சீருடையோடு நானே போனேன். 90 கிலோமீட்டர். நோயாளியை நேரில் பார்க்காமல் தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் விதி அது. மறுநாள் அம்மாவை வாடகைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் என் கையை நசுக்கினார். அன்றைய தாளில் என் மனைவி எழுதியிருப்பது: ‘பதினெட்டு அணா.’ ரூபாய்க்குப் பதினாறு அணாதானே அத்தை என்று கேட்டாளாம். ‘ஆமாம், அதற்கும் மேலே’ என்றாராம் அம்மா.

அந்தத் தாளை நகல் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு மனுவோடு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் புதிய டாக்டர் வந்தபின் மூன்று மாத இருப்பு வைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து மருத்துவமனை டாக்டர் ஒருவரும் பயிற்சி எடுத்து வந்தார். இப்போது ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் கையெழுத்திடுகிறார். அந்த எட்டு நாளுக்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை.

2024 தொடக்கத்தில் வலி மறுபடி கூடியது. அளவையும் கூட்டினார்கள், பகலில் முழு மாத்திரை, இரவில் இரண்டு. கடைசி மாதம் பெரும்பாலும் படுக்கை. விழுங்க முடியாத நாள் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்குச் செவிலியர் அம்மாவிடமே கேட்டார். ‘என் தட்டு இருக்கிற வீட்டில் இருக்கிறேன்’ என்றார் அம்மா. மே மாதம் ஒரு வியாழக்கிழமை அதிகாலை, அக்கா பக்கத்தில் இருக்க, அங்கேயே போனார். முந்தைய இரவுத் தாளில் எழுதியிருந்தது ‘இரண்டு அணா’. வலிக்காகக் கடைசி ஏழு மாதத்தில் நாங்கள் செய்த செலவு, பேருந்தில் எனக்கு இலவசம் என்பதால், அம்மாவுக்கு ஆட்டோ வைத்ததுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மீந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 31 இருந்தன. செவிலியர் என் முன்னால் இரண்டு முறை எண்ணி, பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அம்மாவின் நோட்டை எடுத்துக் கொடுத்து, ‘இதை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா, நான் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டார். அணாவில் சொல்லக்கூடிய ஆச்சிகள் இன்னும் இரண்டு பேர் வருகிறார்களாம். அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு பிரிவு எங்கே இருக்கிறது என்று மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அல்லது வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் கேளுங்கள். ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்று சொன்னால்தான் சிலருக்குப் புரிகிறது. பழைய ஸ்கேன், அறுவை சிகிச்சைத் தாள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும், ஆதார் நகலும் கொண்டுபோங்கள். நோயாளியே முதல் முறை வர வேண்டும். வர முடியாத நிலை என்றால் அதைச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். உட்கார ஒரு தலையணை எடுத்துப் போங்கள், திண்டு இன்னும் அப்படியே இருந்தால் தேவைப்படும். வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று வழியிலேயே நோயாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே போனபின் அவரையே பேச விடுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் செவ்வாய், வெள்ளியில் காலை 7.40 வண்டியில் ஏறினால் 9 மணிக்கு முன்பே சீட்டு வாங்கிவிடலாம். நிறுத்தம் மருத்துவமனைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஏறும்போதே நடத்துநரிடம் ‘வலி ஆஸ்பத்திரிக்கு’ என்று சொல்லுங்கள், வாசலிலேயே நிறுத்துவோம். இறங்கும்வரை வண்டி நகராது.